பலர் பகிரும் யுனிக்ஸ் கணினியில் மின்னஞ்சல்: புதியவர்களுக்கு

பல்கலைக்கழக ஆய்வகத்திலோ, ஆராய்ச்சி நிறுவனத்திலோ, 1987 முதல் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்டிஎஃப், 2014-ல் தொடங்கிய டில்டே கிளப் போன்ற பொது யுனிக்ஸ் கணினியிலோ உங்களுக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைகிறீர்கள். வரவேற்பு வரிகளுக்குக் கீழே, உங்களுக்கு மெயில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. யார் அனுப்பியது, எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்றெல்லாம் அது சொல்லாது. சொடுக்கப் பொத்தானும் இல்லை. இனி என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உலாவியில் மெயில் பார்த்துப் பழகியவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே மெயில் என்பது ஒரு கோப்பு. மற்ற கோப்புகளைப் போலவே அதற்கும் உரிமையாளர் உண்டு, அனுமதிகள் உண்டு, அது வட்டில் இடத்தையும் பிடிக்கும். அது எங்கே இருக்கிறது, யார் தொடலாம், எவ்வளவு வளரலாம் என்பது தெரிந்துவிட்டால் எந்த மென்பொருளில் படிக்கிறீர்கள் என்பது ருசியைப் பொறுத்த விஷயம்தான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். யுனிக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. அது முக்கியமான இடங்களில் மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலில் விசாரிக்க வேண்டியவை

உங்கள் முகவரி பெரும்பாலும் பயனர்பெயர், @ குறி, கணினியின் பெயர் என்று இருக்கும். ஆனால் ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளை காட்டும் பெயரை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். பல இடங்களில் நீங்கள் நுழையும் கணினி ஒன்று, மெயில் வாங்கும் கணினி இன்னொன்று. கணினியின் உதவிப் பக்கத்தில் சரியான முகவரி இருக்கும், அதைப் பாருங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: வெளியுலகத்தோடு மெயில் போக்குவரத்து உண்டா? இதுபோன்ற சில பொதுக் கணினிகளில் உறுப்பினர்கள் தங்களுக்குள் மட்டுமே எழுதிக்கொள்ள முடியும். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் இலவசக் கணக்கைத் தேடி அலைவதால் நிர்வாகிகள் வேண்டுமென்றே கதவை மூடி வைத்திருப்பார்கள். இது தெரியாமல் வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

மெயில் எங்கே விழுகிறது

கடிதம் உங்களிடம் வந்து சேர இரண்டு கைகள் மாறுகிறது. வெளியிலிருந்து வாங்கி உள்ளே தருவது ஒரு சர்வர் மென்பொருள்: 1980-களின் தொடக்கத்தில் எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயில், 1998-ல் வீட்ஸ வெனிமா வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ், 1995-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் தொடங்கிய எக்ஸிம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அது உங்கள் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிடும். பெட்டியைத் திறந்து உங்களுக்குக் காட்டுவது வேறொரு மென்பொருள். நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது இந்தக் கடைசி ஒன்றை மட்டும்தான்.

பெட்டி இரண்டு வகை. எம்பாக்ஸ் வகையில் எல்லாக் கடிதங்களும் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அது ‘வார்’ அடைவுக்குள், அதாவது கோப்புறைக்குள், இருக்கும் ‘மெயில்’ அடைவில் உங்கள் பயனர்பெயரிலேயே கிடக்கும். அந்தக் கோப்பை ‘லெஸ்’ கட்டளையால் திறந்து ஒருமுறை பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. ஒவ்வொரு கடிதமும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் ஒரு இடைவெளியும் வரும் வரியில் தொடங்குவது தெரியும். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு அந்த வரிதான் அடையாளம். கடிதத்தின் உள்ளே ஒரு வரி தற்செயலாக அதே சொல்லில் தொடங்கிவிட்டால் குழப்பம் வரும் என்பதால் அதற்கு முன்னால் ஒரு > குறியைச் சேர்த்துவிடுவார்கள். யாரோ உங்கள் கடிதத்தைத் திருத்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது மெயில்டிர் வகை. டேனியல் பெர்ன்ஸ்டீன் தன்னுடைய க்யூமெயிலுக்காக வடிவமைத்தது. இதில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. உங்கள் கணக்குக்கென்றே உள்ள வீட்டு அடைவுக்குள்ளேயே ஒரு மெயில்டிர் அடைவு இருக்கும், அதனுள் மூன்று அடைவுகள்: புதிதாக வந்தவை, பார்த்தவை, இன்னும் வட்டில் எழுதி முடியாமல் பாதியில் இருப்பவை. உங்கள் கணினியில் எது என்று தெரிய ‘எக்கோ’ போட்டு ‘மெயில்’ என்ற சூழல் மாறியைப் பாருங்கள். மாறியின் பெயர் பெரிய எழுத்தில், முன்னால் $ குறியோடு வர வேண்டும். புதுக் கடிதம் வந்தால், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் உங்களுக்குச் சொல்வதும் இந்த மாறியைப் பார்த்துத்தான். வழக்கமாக 60 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். மாறி தவறான இடத்தைக் காட்டினால் பெட்டி நிரம்பி வழிந்தாலும் ஷெல் வாயைத் திறக்காது.

கதவைச் சாத்துங்கள்

பகிரும் கணினி என்றால் அதே வட்டில் நூறு பேர் உலவுகிறார்கள். ‘வார்’ அடைவில் இருக்கும் பெட்டியை நிர்வாகி பூட்டித்தான் வைத்திருப்பார். ஆனால் நீங்கள் சேமித்து வைக்கும் பழைய கடிதங்கள், அனுப்பியவற்றின் நகல்கள் எல்லாம் உங்கள் வீட்டு அடைவில் சேரும். அதைப் பூட்டுவது உங்கள் பொறுப்பு.

ஷெல் தொடக்கக் கோப்பில் ‘யூமாஸ்க் 077’ என்று ஒரு வரி சேர்த்தால் இனி உருவாகும் கோப்புகளை நீங்கள் மட்டுமே படிக்க முடியும். ஏற்கெனவே இருக்கும் மெயில் அடைவுக்கு ‘சிஹெச்மாட் 700’ போடுங்கள். வீட்டு அடைவுக்கும் 700 போடலாம். அதே கணினியில் வலைப்பக்கமும் வைத்திருந்தால் வீட்டு அடைவுக்கு 711 தேவைப்படலாம்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் ஒருபோதும் தட்டாதீர்கள். ‘பிஎஸ்’ கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை அவற்றின் முழுக் கட்டளை வரியோடு காட்டும், பல கணினிகளில் மற்றவர்களுடையதையும் சேர்த்து. ரூட் உரிமை உள்ள நிர்வாகி எதையும் படிக்க முடியும் என்பதும் நினைவிருக்கட்டும். வங்கி விவகாரமோ மருத்துவ அறிக்கையோ இந்த முகவரிக்கு வர வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

முதல் கடிதம், உங்களுக்கு நீங்களே

எந்த யுனிக்ஸிலும் பெரும்பாலும் இருக்கும் கருவி ‘மெயில்’. இதை வைத்து முதல் சோதனையைச் செய்துவிடலாம்.

‘மெயில்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் பயனர்பெயரைத் தட்டி என்டர் அழுத்துங்கள். தலைப்பு கேட்கும், கொடுங்கள். அப்புறம் திரை சும்மா காத்திருக்கும். உறைந்துவிடவில்லை, நீங்கள் எழுதக் காத்திருக்கிறது. ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடித்து எழுதுங்கள். முடிந்ததும் ஒரு புது வரியில் கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் கடிதம் போய்விடும். தனி வரியில் வெறும் புள்ளி வைத்து என்டர் அடித்தாலும் பல கணினிகளில் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும், எல்லாவற்றிலும் அல்ல.

முந்தைய வரிக்குத் திரும்பிப் போய்த் திருத்த முடியாது என்பது இதில் பெரிய தொல்லை. புது வரியின் தொடக்கத்தில் ~ குறியும் வி-யும் தட்டி என்டர் அடியுங்கள். இதுவரை எழுதியது ஒரு எடிட்டரில் திறக்கும். அது பெரும்பாலும் விஐ எடிட்டர். மாட்டிக்கொண்டால் எஸ்கேப் விசை, அப்புறம் முக்கால்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். கடிதமே வேண்டாம் என்றால் கண்ட்ரோல்-சி இருமுறை. அப்படிக் கைவிட்ட கடிதம் வீட்டு அடைவில் ‘டெட்.லெட்டர்’ என்ற கோப்பாகச் சேமிக்கப்படலாம். திடீரென்று அந்தப் பெயரில் ஒரு கோப்பைப் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

இப்போது வெறும் ‘மெயில்’ என்று மட்டும் தட்டுங்கள். வந்த கடிதங்கள் எண் போட்டு வரிசையாகத் தெரியும். எண்ணைத் தட்டினால் அந்தக் கடிதம் விரியும். டி நீக்கும், யூ நீக்கியதை மீட்கும், ஹெச் பட்டியலை மறுபடி காட்டும். வெளியே வர இரண்டு வழி: எக்ஸ் தட்டினால் எதையும் மாற்றாமல் வருவீர்கள், க்யூ தட்டினால் செய்த மாற்றங்கள் நிலைக்கும்.

புதியவர்களைத் தவிக்கவைப்பது அந்த க்யூதான். நீங்கள் படித்த, ஆனால் நீக்காத கடிதங்களைப் பல பதிப்புகள் வெளியேறும்போது இன்பாக்ஸிலிருந்து எடுத்து வீட்டு அடைவில் ‘எம்பாக்ஸ்’ என்ற கோப்புக்கு நகர்த்திவிடும். அடுத்த முறை நுழைந்தால் பெட்டி காலி. கடிதமெல்லாம் தொலைந்தது என்று நிர்வாகிக்குப் புகார் போகும். தொலையவில்லை. ‘மெயில்’ கட்டளையோடு ஒரு சிறு கோடும் எஃப்-ம் சேர்த்துத் தட்டினால் அந்தக் கோப்பு திறக்கும். இந்த வழக்கமே வேண்டாம் என்றால் வீட்டு அடைவில் ‘.மெயில்ஆர்சி’ கோப்பில் ‘செட் ஹோல்ட்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

பதில் அனுப்புவதிலும் கவனம் தேவை. பெர்க்லி வழிவந்த ‘மெயில்’ கருவியில் சின்ன ஆர் எல்லோருக்கும் பதில், பெரிய ஆர் அனுப்பியவருக்கு மட்டும். வேறு சில பதிப்புகளிலும் அமைப்புகளிலும் இது தலைகீழ். உங்கள் கணினியில் எது எது என்பதை நண்பர்களோடு சோதித்துப் பார்த்த பிறகு பேராசிரியர் அனுப்பிய பொதுக்கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்.

தினசரி வேலைக்கு ஆல்பைன்

‘மெயில்’ கருவி சோதனைக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் சரி, தினமும் அதில் மல்லுக்கட்டத் தேவையில்லை. புதியவர்களுக்கு நான் சொல்வது ஆல்பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் மென்பொருளின் வாரிசு இது. எந்தத் திரையில் இருந்தாலும் என்னென்ன விசைகளை அழுத்தலாம் என்று கீழே இரண்டு வரிகளில் எழுதியிருக்கும். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

‘ஆல்பைன்’ என்று தட்டித் திறங்கள். முதல் முறை ஒரு வரவேற்புத் திரை வரும், கடந்து போங்கள். முதன்மைப் பட்டியலில் எஸ் அழுத்தி அமைப்புகளுக்கும், அங்கே சி அழுத்தி விரிவான பட்டியலுக்கும் போங்கள். உங்கள் பெயரையும், ‘யூசர் டொமைன்’ என்ற இடத்தில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரையும் சரிபார்த்தால் தொடக்கத்துக்குப் போதும். இந்த யூசர் டொமைனைத் தவறவிட்டால் உங்களுக்கு வரும் பதில்கள் இல்லாத முகவரிக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அமைப்புகள் எல்லாம் ‘.பைன்ஆர்சி’ கோப்பில் சேமிக்கப்படும்.

எழுத சி. பெறுநர், தலைப்பு ஆகியவற்றை நிரப்பி அம்புக்குறி விசையால் கீழே இறங்கி எழுதுங்கள். அனுப்ப கண்ட்ரோல்-எக்ஸ், உறுதிசெய்ய ஒய். பாதியில் நிறுத்தி வைக்க கண்ட்ரோல்-ஓ. அடுத்த முறை சி அழுத்தும்போது, நிறுத்தியதைத் தொடரவா என்று அதுவே கேட்கும்.

கோப்பு இணைக்க கண்ட்ரோல்-ஜே. இங்கே ஒரு சின்ன வம்பு இருக்கிறது. கர்சர் மேலே முகவரிப் பகுதியில் இருந்தால்தான் இந்த விசை கோப்பை இணைக்கும். கர்சர் கடிதத்தின் உள்ளே இருந்தால் அதே விசை அந்தப் பத்தியின் வரிகளை அள்ளி ஒன்றாக்கி ஒழுங்குபடுத்திவிடும். அழகாக வரிவரியாகத் தட்டிய முகவரிப் பட்டியல் ஒரே பத்தியாகிவிடும். உடனே, வேறு எந்த விசையையும் தொடாமல், கண்ட்ரோல்-யூ அழுத்தினால் பழையபடி ஆகும்.

வந்தவற்றைப் பார்க்க ஐ. பட்டியலின் இடது ஓரத்தில் + குறி இருந்தால் கடிதம் நேராக உங்கள் முகவரிக்கு எழுதப்பட்டது என்று பொருள். குழு அஞ்சல்கள் குவியும் காலையில் கண் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஆர் அழுத்திப் பதில் எழுதும்போது பழைய கடிதத்தைச் சேர்க்கவா, எல்லோருக்கும் அனுப்பவா என்று தனித்தனியாகக் கேட்கும். அவசரத்தில் ஒய் ஒய் என்று தட்டாமல் படித்துப் பதில் சொல்லுங்கள். டி அழுத்தினால் கடிதம் உடனே போய்விடாது, ஓரத்தில் அடையாளம் மட்டும் விழும். எக்ஸ் அழுத்தி உறுதிசெய்த பிறகுதான் அது நிஜமாகவே நீங்கும்.

மாதம் பிறந்து முதல் தடவை திறக்கும்போது, அனுப்பிய கடிதங்களின் கோப்பைப் போன மாதப் பெயரில் மாற்றி வைக்கவா என்று ஆல்பைன் கேட்கும். மாற்றச் சொல்லுங்கள். பழையதை நீக்கவா என்று தொடர்ந்து கேட்டால் மட்டும் நிதானியுங்கள்.

வீட்டில் ஒரு டெர்மினல், ஆய்வகத்தில் ஒரு டெர்மினல் என்று இரண்டு இடத்தில் ஆல்பைனைத் திறந்து வைத்தால் எம்பாக்ஸ் பெட்டியின் பூட்டு புதிய அமர்வுக்குப் போய்விடும். பழையதில் படிக்க மட்டும்தான் முடியும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ உள்ளே ஆல்பைனை ஓட்டுங்கள். அறுந்தாலும் பாதி எழுதிய கடிதம் அங்கேயே காத்திருக்கும்.

1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட் மென்பொருளுக்கும் ரசிகர்கள் ஏராளம். எம் அழுத்தினால் புதுக்கடிதம், எடிட்டரில் எழுதி வெளியே வந்ததும் ஒய் அழுத்தினால் அனுப்பும், நீக்கியவற்றை நிலைநிறுத்த $ விசை. நூல் பிடித்தாற்போல நீளும் உரையாடல்களைக் கிளைகளாகக் காட்டுவதில் மட் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் உங்கள் மனம்போல அமைக்க ‘.மட்ஆர்சி’ கோப்பில் கொஞ்ச நாள் குடியிருக்க வேண்டும். முதல் மாதத்தில் வேண்டாம்.

வேறு முகவரிக்குத் திருப்பிவிட

தினமும் இந்தக் கணினிக்குள் வர மாட்டீர்கள் என்றால், வரும் கடிதங்களை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் முகவரிக்குத் திருப்பலாம். வீட்டு அடைவில் ‘.ஃபார்வர்ட்’ என்ற கோப்பை உருவாக்கி, அதில் ஒரே வரியாக அந்த முகவரியை எழுதினால் போதும். புள்ளியில் தொடங்குவதால் சாதாரண ‘எல்எஸ்’ கட்டளையில் தெரியாது. சிறு கோடு, ஏ சேர்த்துப் பாருங்கள்.

இங்கேயும் ஒரு நகல் இருக்க வேண்டுமா? முதலில் \ குறி, ஒட்டியே உங்கள் பயனர்பெயர், அப்புறம் காற்புள்ளி, பிறகு வெளி முகவரி. அந்தச் சாய்ந்த கோடு ‘இதை மறுபடி திருப்பாதே, பெட்டியில் போடு’ என்று சர்வருக்குச் சொல்கிறது. கோப்புக்கு ‘சிஹெச்மாட் 600’ போடுங்கள், படிக்க முடியவில்லை என்று சர்வர் முரண்டு பிடித்தால் 644. குழுவில் உள்ள மற்றவர்கள் எழுதக்கூடிய அனுமதி இருந்தால் செண்ட்மெயில் அந்தக் கோப்பையே கண்டுகொள்ளாது. யாராவது அதை மாற்றி உங்கள் கடிதங்களைத் தன்பக்கம் திருப்பிவிடலாமே என்ற நியாயமான சந்தேகம்தான்.

எழுதி முடித்ததும் வேறொரு கணக்கிலிருந்து சோதனைக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். வெளி முகவரியை இங்கே திருப்பி, இதை அங்கே திருப்பி வைத்தால் கடிதம் இரண்டுக்கும் நடுவே அலைந்து கடைசியில் பிழைச்செய்தியாகத் திரும்பும். வேறொரு சிக்கல், உங்கள் கையில் இல்லாதது: அனுப்பியவரின் டொமைன் எந்தக் கணினிகளிலிருந்து மெயில் வரலாம் என்று எஸ்பிஎஃப் பதிவில் அறிவித்திருக்கும். திருப்பிவிடப்பட்ட கடிதம் உங்கள் யுனிக்ஸ் கணினியிலிருந்து போவதால் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகாது. பெரிய மெயில் நிறுவனங்கள் சிலவற்றை ஸ்பேமில் தள்ளும், சிலவற்றை ஏற்கவே மறுக்கும். நகல் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பெட்டியை வேறு கருவியிலிருந்தே படிக்க உதவும் ஐமேப் வசதியைக் கணினி தந்தால் திருப்புவதைவிட அது மேல். கைப்பேசியில் உள்ள மெயில் செயலியில் படிக்க 993-ம் எண் போர்ட், அனுப்ப 587 அல்லது 465.

விடுப்பில் போகும்போது தானாகப் பதில் அனுப்ப ‘வெகேஷன்’ என்ற பழைய நிரல் சில கணினிகளில் உண்டு. ஒரே ஆளுக்கு வாரம் ஒருமுறைக்கு மேல் பதில் அனுப்பாமலும், குழு அஞ்சல்களுக்கு வாயைத் திறக்காமலும் இருக்கும் நாகரிகம் அதற்குத் தெரியும். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதித் தானியங்கிப் பதில் அனுப்ப முயல வேண்டாம். இரண்டு தானியங்கிகள் ஒன்றுக்கொன்று பதில் எழுதத் தொடங்கினால் இரவோடு இரவாகப் பெட்டி நிரம்பிவிடும்.

கடிதங்களைத் தானாகப் பிரித்து அடுக்க, ப்ரோக்மெயில் பற்றிய பழைய குறிப்புகள் நிறையக் கண்ணில் படும். அதற்கு 2001-க்குப் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் புதிய வெளியீடே வரவில்லை. உங்கள் கணினியில் இதே வேலையைச் செய்யும் சீவ் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இடம் தீரும்போது

‘குவோட்டா’ கட்டளை உங்களுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு செலவாகிவிட்டது என்று காட்டும். இணைப்புக் கோப்புகள்தான் இடத்தைத் தின்பவை. மெயிலில் பைனரிக் கோப்பு பேஸ்64 எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கும். அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் கூடிவிடும். 6 எம்பி படம் பெட்டியில் 8 எம்பிக்கு மேல் பிடிக்கும்.

இடம் முழுதாகத் தீர்ந்தால் விசித்திரமான முட்டுக்கட்டை ஒன்று வரும். எம்பாக்ஸ் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை நீக்க, மிச்சத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும், அதற்கு இடம் வேண்டும், இடம் இல்லை. அதனால் முதலில் மெயிலைத் தொடாமல், தரவிறக்கிய வேறு பெரிய கோப்புகளை அழியுங்கள். கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததும் பெட்டிக்குள் போய் இணைப்புள்ள கடிதங்களை நீக்குங்கள். வேண்டிய இணைப்புகளை ஆல்பைனில் சேமித்து, ‘எஸ்சிபி’ மூலம் உங்கள் சொந்தக் கணினிக்குக் கொண்டுபோய்விடலாம்.

தமிழில் எழுத

‘லோக்கேல்’ கட்டளையின் விடையில் யுடிஎஃப்-8 என்று இருந்தால் தமிழில் தாராளமாக எழுதலாம். ஆனால் பல டெர்மினல்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் எங்கேயோ நிற்கும். கர்சரும் சொன்ன பேச்சைக் கேட்காது. திரையில் அலங்கோலமாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவாகும் குறியீடு சரியாகவே இருக்கும், பெறுபவருக்கு ஒழுங்காகத் தெரியும். நீளமான தமிழ்க் கடிதத்தை உங்கள் கணினியில் எழுதி இங்கே ஒட்டிவிடுவது எரிச்சலைக் குறைக்கும்.

கடிதம் போகவில்லை என்றால்

திரும்பி வந்த பிழைச்செய்தியில் மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடை; சர்வர் தானே திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் 5 நாள் வரை. 5-ல் தொடங்கினால் மறுத்துவிட்டார்கள், மறுபடி அனுப்பிப் பயனில்லை. 550 என்றால் பெரும்பாலும் முகவரியில் எழுத்துப்பிழை அல்லது அங்கே அப்படி ஆளே இல்லை. ‘மெயில்க்யூ’ கட்டளைக்கு அனுமதி இருந்தால் இன்னும் வரிசையில் காத்திருக்கும் கடிதங்களைப் பார்க்கலாம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் அதே கணினியில் மெயிலைக் கவனிக்கும் நிர்வாகிக்கு, ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரியில் எழுதுங்கள். மெயில் வாங்கும் எந்த டொமைனிலும் அந்த முகவரி இருக்க வேண்டும் என்பது இணைய விதி. ‘மெயில் வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்பிய தேதி, நேரம், எந்த முகவரியிலிருந்து எதற்கு, முழுத் தலைப்பு வரிகளில் இருக்கும் மெசேஜ்-ஐடி, திரும்பி வந்த பிழைச்செய்தி முழுவதும் வெட்டாமல். இவ்வளவும் இருந்தால் அவர் பதிவேட்டில் உங்கள் கடிதத்தைத் தேடி எடுத்துவிடுவார்.